ஒன்பதாவது குழந்தை

சகாயநாதன் வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கதை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. எந்த இடம் என்று கேட்பானேன், கூடத்தில் இருந்த பெண்களுக்கே தெரியும். முதல் பெஞ்சில் ரோசலின் அம்மாள் முந்தானை நுனியை இப்போதே கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் பதினைந்து தரமாவது இந்தக் கதையைச் சொல்லியிருப்பார். எந்த வார்த்தையில் குரல் இறங்க வேண்டும், எங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும், எங்கே பேச்சை விட்டுவிட்டுச் சன்னல் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். சன்னலுக்கு வெளியே கோயில் வளாகத்துத் தண்ணீர்க் குழாயும் அதையொட்டி ஒரு நாவல் மரமும் இருந்தன. பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பதற்குத் தோதான மரம்.

"தோட்டத்துக் கூலி லயத்துல கடைசி அறை," என்றார் மெதுவாக. "ஒன்பதாவது குழந்தை. ஒன்றரை வயசு இருக்கும். நெத்தியில, இதோ இந்த இடத்துல, காய்ச்சல் எறங்கணும்னு சூடு போட்ட தழும்பு, ஒரு துட்டு அகலத்துக்கு. அந்தக் குழந்தைய எடுத்து என் மடியில வச்சுக்கிட்டேன்."

அது தபசு காலத்து மூன்றாம் ஞாயிறு. மைசூர் லஷ்கர் மொகல்லாவில், கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடக் கூடத்தில், இரண்டாம் பூசை முடிந்த கையோடு அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். கண்டிச் சீமைக்குப் பங்கிலிருந்து மறுபடியும் ஐந்து தொண்டர்கள் புறப்படப் போகிறார்கள். அங்கே ரப்பர் தோட்டங்களில் காய்ச்சல் திரும்பவும் தலைகாட்டுகிறதாம். போகிறவர்களுக்குத் தைரியம் சொல்லப் போய்வந்தவரைவிட வேறு யார் பொருத்தம்? பிரெஞ்சுக்காரரான பங்குச் சாமியார், "நமது சகாயநாதர் அனுபவித்த இடைஞ்சல்களைக் கேளுங்கள்" என்று தாடியைத் தடவிக்கொண்டே ஆரம்பித்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். புறப்படப் போகிற ஐந்து பேரும் இரண்டாவது பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, வாத்தியார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடைஞ்சல்களுக்குக் குறைவில்லை, அதெல்லாம் நிஜம். முப்பத்தைந்தாம் வருஷம் ஜனவரியில் மூன்று பேராகத்தான் கிளம்பினார்கள். கப்பலேறுவதற்கு முன் மண்டபம் முகாமில், தொற்று இருக்கிறதா என்று பார்க்க ஏழு நாள் அடைத்து வைத்தார்கள். ஏழாம் நாள் கம்பவுண்டர் மரியராஜுக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் இரண்டும் பூசணிக்காயாகிவிட, அவனை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று பெட்டி கொய்னா மருந்தில் இரண்டு பெட்டி வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. பாலம் போன ஆற்றை இடுப்பளவுத் தண்ணீரில் கடந்து, அட்டைக்கடி வாங்கி, முந்நூறு பேர் காய்ச்சலில் கிடந்த தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். வாத்தியார் ஒருவர். ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த நர்ஸ் ஜெசிந்தா இன்னொருத்தி.

அந்த ஜெசிந்தா இப்போது மூன்றாவது பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் எங்கே பேசினாலும் வந்துவிடுவாள். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். பேசும்போது வாத்தியார் பார்வை எல்லா முகத்தின்மேலும் போகும், அந்த ஒரு முகத்தை மட்டும் தாண்டிப் போய்விடும்.

"பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து பேரால அந்தப் பிஞ்சுத் தலையில தண்ணிய ஊத்தி, சவேரின்னு பேரு வச்சேன். குழந்தை கண்ணத் தொறந்து என்னப் பாத்துச்சு. ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், என் மடியிலேயே..."

இந்த இடத்தில்தான் நாவல் மரத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கண் மரத்துக்குப் போகவில்லை. கூடத்தின் பின்வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பையன், மூன்று மூன்றரை வயசிருக்கும். புதுசாக மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்த தலை, வாசல் வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. நெற்றியில் ஒரு தழும்பு, துட்டு அகலத்துக்கு.

வாத்தியார் கதையை நிறுத்திவிட்டார். மேஜைமேல் தம்ளர் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை.

"ஏன் நிறுத்தினீர்?" என்றார் சாமியார். "சொல்லும், வாத்தியாரே."

அதற்குள் அந்தப் பெண் அவரைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அப்பப்பா! பெஞ்சுகளுக்கு நடுவே விறுவிறுவென்று வந்தாள், பையனை இறக்கினாள், அவன் தோளை அமுக்கித் தானும் கூடவே வாத்தியார் காலில் விழுந்தாள். எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"அய்யா, என்னத் தெரியுதுங்களா? மல்லம்மாங்க. கண்டியில, கடைசி லயம். நானும் உங்கூருப் பக்கந்தான், கொள்ளேகாலத்துக்கு அந்தப்பக்கம் ராமாபுரம்னு சொன்னனே. பஸ் நிக்கற எடத்துல கேட்டனுங்க, கண்டிக்குப் போய்ட்டு வந்த வேதக்கார வாத்தியாருன்னு. கோயிலுக்குப் போன்னாங்க. இவன்தானுங்க எம்பட பையன், மாதப்பன். நீங்க பொழைக்க வச்ச பையன்!"

ரோசலின் அம்மாள் முந்தானையைக் கண்ணில் ஒற்றியபடியே பையன் நெற்றியைப் பார்த்தாள், பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். சாமியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"வாத்தியாரே, இந்தக் குழந்தையா அது?"

யோசிக்க ஒரு நொடி கூட எடுக்கவில்லை, அதுதான் பிற்பாடு அவரைப் போட்டு அரித்தது. பதில் தயாராக வாயிலேயே இருந்தது போல வந்தது. "இல்ல சாமி. இது வேற குழந்தை. இவங்க வேற லயம். சூட்டுத் தழும்பு அங்க எல்லாக் குழந்தைக்கும் இருக்கும்."

மல்லம்மா அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "அய்யாவுக்கு ஞாபகமில்லீங்களாட்டமிருக்குது," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எத்தன பேரப் பாத்திருப்பாரு. அவருக்கும் அன்னிக்குப் பொழுதோட காய்ச்சல் வந்துருச்சுங்களே." கூட்டத்தில் பெருமூச்சு விட்டார்கள், இரண்டொருவர் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஜெசிந்தா எழுந்து வந்தாள். வாத்தியாரைப் பார்க்காமல் பையன் கையைப் பிடித்தாள். "வாம்மா, பையன் உதடு காஞ்சு கிடக்கு. ஸ்வல்ப வெளிய உக்காரு," என்று சொல்லி அம்மாவையும் பிள்ளையையும் பக்கவாசல் வழியாக அழைத்துப் போனாள்.

"சொல்லும்," என்றார் சாமியார் மறுபடியும்.

"ஒரு நிமிஷம் சாமி. தொண்டை காஞ்சுபோச்சு." தம்ளர் நிறையத் தண்ணீர் கண்முன்னால் இருக்க, வாத்தியார் தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

கூடத்திலிருந்து குழாயடிக்கு நாற்பது அடிகூட இருக்காது. அந்த நாற்பது அடியில், இரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்க்காத அந்தக் கடைசி அறைக்கு அவர் போய்விட்டு வந்தார்.

முதல் எட்டுக் குழந்தைகள் செத்தது நிஜம். எட்டுக்கும் குழி வெட்டினபோது பக்கத்தில் நின்றவர் அவர், மண்ணும் தள்ளினார். சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது திருச்சபை அனுமதித்ததுதான். பெற்றவர்களிடம் சொன்னால் பயப்படுவார்கள், சண்டைக்கு வருவார்கள் என்று அவர் ஒரு யுக்தி வைத்திருந்தார். வீட்டிலிருந்து காலிச் சந்தன எண்ணெய்ச் சீசா ஒன்று கொண்டுபோயிருந்தார். அதில் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு, "குளிர்ச்சிக்கு மருந்தும்மா" என்று சொல்லித் தலையில் விடுவார். மந்திரத்தை உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். தண்ணீர் சந்தனமாக மணக்கும். தாய்மார்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அன்றைக்கு மத்தியானம் கையில் கொய்னா ஒரே ஒரு வேளைக்குத்தான் மிச்சம். ஜெசிந்தா தன் பங்கு மருந்தோடு மேல் லயத்தில் இருந்தாள். கடைசி அறைக்குள் நுழைந்தால், சாக்கின்மேல் மல்லம்மாவின் பையன், கண் சொருகிக் கிடந்தான். அவன் அப்பன் செத்து நாலு நாள்கூட ஆகவில்லை. வாத்தியார் சீசாவைத் திறந்து ஊற்றினார், சவேரி என்று பேர் வைத்தார். மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனபோது அந்த நினைப்பு வந்தது. கெட்ட நினைப்பு மாதிரியே இல்லை, ஞானம் மாதிரி வந்தது. இவனுக்குத்தான் எல்லாம் செய்தாயிற்றே. போனால் நேரே மோட்சம், சம்மனசுகளோடு சம்மனசு. இருக்கிற ஒரு வேளை மருந்தை இவனுக்குக் கொடுத்து வீணாக்குவானேன்? பக்கத்து அறைக் குழந்தை கொஞ்சம் தெம்பாக இருக்கிறது, அதற்குக் கொடுக்கலாம். மடித்த பொட்டலம் மடித்தபடியே இருக்க, எழுந்து போய்விட்டார். அவசரத்தில் சீசாவைச் சாக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். மடியில் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை, பையன் சிரிக்கவும் இல்லை.

அன்று பொழுது சாய அவருக்கே குளிர் தூக்கிப் போட்டது. மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதும், ஊருக்கு அனுப்பி வைத்ததும் அவருக்கு அரைகுறை ஞாபகந்தான். மைசூரில் சாமியார் கட்டிலோரம் உட்கார்ந்து, "எத்தனை ஆத்துமங்கள், சகாயநாதரே?" என்று கேட்டபோது, "ஒன்பது" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மடி பிறகு வந்தது, சிரிப்பு அதற்கும் பிறகு வந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பின ஜெசிந்தாவிடம், அந்தக் கடைசி அறைக் குழந்தை என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் மாதாமாதம், "பொய் சொன்னேன் சாமி, மூணு தரம்," என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டு என்று எந்தச் சாமியாரும் கேட்கவில்லை.

குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது. மாதப்பன் சொட்டுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டி, ஒவ்வொரு சொட்டாக நக்கிக்கொண்டிருந்தான். ஜெசிந்தா அவன் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

மல்லம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சீசாவை எடுத்தாள். ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது, மற்றபடி அதே சீசா. புடவையில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீங்க உட்டுப்போட்டுப் போனதுங்க. கப்பல்ல வாரப்பவும் மடியிலயே வச்சிருந்தன். மாதேசுவரன் மலைக்குப் போயி மொட்டையடிச்சாச்சு, இதையுங் குடுத்துப்போட்டன்னா பாரந் தீந்துதுங்க." கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு காரியமுங்க. நெசமாலுமே அதுக்குத்தான் ஓடியாந்தன். எங்கக்கா கெம்பம்மா மகளுக்கு மொறைக் காய்ச்சல். இன்னியோட ஒம்பது நாளு. ஒருநா உட்டு ஒருநா தூக்கித் தூக்கிப் போடுது. கொள்ளேகாலத்துல மாத்திரை குடுத்தாங்க, கசப்புத் தாங்காம புள்ள துப்பிப்போடுது. நாந்தான் சொன்னனுங்க, அதத் தூக்கி எறியக்கா, மைசூர் அய்யாகிட்ட தலைக்கு ஊத்தற மருந்து இருக்குதுன்னு. எம்பட பையனுக்கும் கசப்பு மருந்து நாலு நாளாக் குடுத்துங் கேக்கல. நீங்க தலைக்கு ஊத்துன பொறகுதான் காய்ச்சல் உட்டுது. என்ன வாசம் அது! அக்காளும் மாத்திரையத் தூக்கி எறிஞ்சுபோட்டா. இந்தச் சீசா நெறைய ஊத்திக் குடுங்க சாமி. பொழுதுக்குள்ள போயிருவன்."

ஜெசிந்தா எழுந்தாள். வாத்தியார் முகத்தை நேராகப் பார்த்தாள், இந்த இரண்டு வருஷத்தில் முதல் தரமாக. ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார், சொல்லிவிட மாட்டாளா என்றுகூட இருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "கொய்னா டப்பா வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வரேன். பன்னெண்டு மணிக்குக் கொள்ளேகாலம் பஸ்ஸு, மாஸ்டர்." எதிர்ச் சந்தில்தான் அவள் வீடு. வேகமாகப் போய்விட்டாள்.

வாத்தியார் கையில் சீசா இருந்தது. கோயில் வாசலில் கல்தொட்டி நிறையத் தீர்த்தம் இருக்கிறது. நிரப்பிக் கொடுத்து, "அந்த மாத்திரையையும் கூடவே குடும்மா" என்றால் தீர்ந்தது. மருந்தும் போய்ச் சேரும், மானமும் நிற்கும். இதைத்தான் அவர் மனசு முதலில் நினைத்தது, மறைப்பானேன். ஆனால் மாத்திரை கசக்கும், பிள்ளை துப்பும், தலையில் ஊற்றின தண்ணீர் மணக்கும். இரண்டில் எதை அந்த வீடு நம்பும் என்று அவருக்குத் தெரியும். ராமாபுரத்தில் ஒரு பெண் குழந்தை, அவர் முகம்கூடப் பார்த்திராத குழந்தை, அவர் பொய்யை நம்பிக்கொண்டு ஒன்பது நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறது.

"மல்லம்மா, இது மருந்தில்ல. தண்ணி."

அவள் சிரித்தாள். "தீந்துபோச்சுங்களா? கொஞ்சமா இருந்தாலும் போதுமுங்க."

"இல்லம்மா. வெறும் தண்ணி. எண்ணெய்ச் சீசாவுல ஊத்தினதால மணந்தது, வேற ஒண்ணுமில்ல." குரல் எங்கே இறங்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை, அதுபாட்டுக்கு உடைந்து உடைந்து வந்தது. "உங்க பையன் செத்துடுவான்னு நெனச்சேன். அதுக்குள்ள எங்க வேதத்துல சேத்துடணும்னு தலையில ஊத்தினேன். உங்ககிட்ட கேக்கல. மருந்துன்னு பொய் சொன்னேன்."

மல்லம்மாவின் சிரிப்பு போகவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. "அப்ப மருந்துங்க?"

"கையில இருந்தது. ஒரு வேளைக்கு. பக்கத்து அறைக் குழந்தைக்குக் குடுத்துட்டேன். உங்க பையனுக்கு எதுக்குன்னு... தண்ணிதான் ஊத்தியாச்சே, போனாலும் நல்ல எடத்துக்குத்தானே போவான்னு நெனச்சேன்." இன்னும் பாக்கி இருந்தது. "கொஞ்ச முன்ன உள்ள, வேற குழந்தைன்னு சொன்னேனே, தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவள் பையனைப் பார்த்தாள். அவன் சொட்டு விழுகிறதா என்று குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குப் பொழுதெறங்க அந்தம்மா வந்து மருந்து கரைச்சு ஊட்டுனாங்களே," என்றாள் மெதுவாக. "மூணு நாளு எங்கூடவே சாக்குல படுத்துக் கெடந்தாங்க. அய்யா குடுத்தனுப்புனாருன்னுதானுங்களே சொன்னாங்க?"

வாத்தியார் நாவல் மரத்தில் கை ஊன்றிக்கொண்டார். பதினைந்து கூட்டம், பதினைந்து தரம் மடியும் சிரிப்பும், பதினைந்து தரமும் மூன்றாவது பெஞ்சு.

மல்லம்மா கோபப்படவில்லை. கத்தியிருந்தால், நாலு பேர் பார்க்க மண்ணை வாரித் தூற்றியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நிதானமாக, நிஜமாகவே புரியாமல் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

"கேட்டிருந்தீங்கன்னா வேண்டாம்னா சொல்லியிருப்பன்? எந்தச் சாமி தண்ணியா இருந்தா என்னுங்க, ஊத்துங்கன்னுதான் சொல்லியிருப்பன். மருந்தையுங் குடுத்திருக்கலாமுங்களே."

அவர் சீசாவின் சில்லுப் போன ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா தகர டப்பாவோடு வந்தாள். மல்லம்மாவைத் திண்டில் உட்கார வைத்து, காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, பொடித்து மலைத்தேனில் குழைத்து நாக்கின் அடியில் தடவ வேண்டும், துப்பினால் துப்பின அளவு மறுபடியும் தர வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். மல்லம்மா ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். டப்பாவை இடுப்பில் செருகினாள். சீசா வாத்தியார் கையிலேயே இருந்தது, அதை அவள் கேட்கவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அவர் ஜெசிந்தாவிடம் கேட்டார். "நான் குடுத்தனுப்பினேன்னு."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பொட்டலம் பக்கத்து அறைக்குப் போனத அன்னிக்கே அந்த அறைக்காரங்க சொன்னாங்க மாஸ்டர். கோபமாத்தான் வந்தேன். வந்து பாத்தா நீங்க நூத்தி நாலு டிகிரியில பினாத்திட்டுக் கிடக்கீங்க. பொழைக்க மாட்டீங்கன்னே நெனச்சேன். போகப்போறவர் பேருல ஒரு நல்லதாவது இருக்கட்டும்னு சொன்னேன்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "நீங்களும் பொழச்சுட்டீங்க."

"வாத்தியாரே!" என்று சன்னலிலிருந்து சாமியார் கூப்பிட்டார். "சனங்கள் காத்திருக்கிறார்கள்."

உள்ளே போனார். அறுபது எழுபது முகங்கள். ரோசலின் அம்மாளுடைய முந்தானை காய்ந்துபோயிருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஐந்து பேரும் விட்ட இடத்திலேயே வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அதில் ஒருவன் மடியில் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. மேஜைமேல் தம்ளர் பக்கத்தில் சீசாவை வைத்தார். வைக்கும்போது அது சாய்ந்தது, பிடித்து நிறுத்தினார். காதுமடல் இரண்டும் எரிந்தன. இதே இடத்தில் நின்று எத்தனை கைதட்டல் வாங்கியிருப்பார், அத்தனையும் இப்போது முதுகில் விழுவது போல இருந்தது. திரும்பிப் போய்விடலாம், உடம்பு சரியில்லை சாமி என்று ஒரு வார்த்தை போதும்.

"ஒன்பதாவது குழந்தை சாகல," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. சாமியார் தாடியிலிருந்து கையை எடுத்தார்.

"என் மடியில சாகல. நான் அத மடியில எடுத்து வைக்கவே இல்ல. கையில இருந்த மருந்த அவனுக்குக் குடுக்காம எழுந்து போனவன் நான். தண்ணி ஊத்தியாச்சு, இனிமே மருந்து எதுக்குன்னு போனேன். நீங்க அஞ்சு பேரும் போறீங்களே, அதுக்காகச் சொல்றேன். ஜெசிந்தாம்மா வந்துதான் அவனப் பொழைக்க வச்சாங்க. இப்ப உங்க எல்லார் எதிரிலயும் வேற குழந்தைன்னு சொன்னேனே, அவன்தான். வெளியில குழாயடியில நிக்கறான்."

நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தவன் முதலில் திரும்பினான். பிறகு பெஞ்சு பெஞ்சாக எல்லாத் தலையும் சன்னல் பக்கம் திரும்பியது. வாத்தியாரும் பார்த்தார்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வந்த வேகத்தில் கல்லில் மோதி நாலு பக்கமும் தெறித்தது. மாதப்பன் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டு, குடிப்பதா விளையாடுவதா என்று தெரியாமல் கெக்கலி கொட்டினான். முழங்கை வழியாக ஒழுகியது, வயிற்றில் ஒழுகியது. ஜெசிந்தா அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மல்லம்மா மட்டும் புடவைத் தலைப்பை இரண்டாக மடித்து, அவன் சந்தனத் தலைக்குமேல் ஒரு சொட்டும் படாதபடி பிடித்துக்கொண்டு நின்றாள்.